அறுவடைக்காரியும் கங்காணியும்

(குன்னூரில் வாசகர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ரொமான்டிக் கவிதையைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னதும் கூட்டத்தை ஏற்பாடு செய்த நண்பர் சிரித்துவிட்டார். "ஊட்டி, குன்னூர், ரொமான்டிக்... பொருத்தம்தான் சார். தேனிலவுக்கு வந்திருக்கிறவங்களையும் கூப்பிட்டுடலாம்" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கேத்தி ஸ்டேஷனில் படம் பிடித்த பாட்டுகளும், பனிக்குள் ஓடிவரும் ரயிலும், பச்சை மெத்தை விரித்த மாதிரி தேயிலைச் சரிவும்தான் தமிழில் அந்தச் சொல்லுக்கு உருவம் கொடுத்திருக்கின்றன. நான் பேச வந்தது வேறு ரொமான்டிக். 1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்த நாளையொட்டி இங்கிலாந்தில் எழுத வந்த ஒரு தலைமுறை அது. புகைபோக்கிக்குள் குழந்தையை இறக்கிய நகரத்தையும், அதைப் பார்த்துக்கொண்டு மணியடித்த கோயிலையும், குதிரைப் படையை ஏவிய அரசையும் பெயர் சொல்லித் திட்டிய கவிகள் அவர்கள். பூவையும் அருவியையும் அவர்கள் பாடினார்கள், மறுக்கவில்லை. பாடப்புத்தகம் பூவை எடுத்துக்கொண்டது. மிச்சத்தை விட்டுவிட்டது.

ஒரு சொந்தக் கதையோடு தொடங்குகிறேன். நான் இந்த மாவட்டத்தில் பிறந்தவன் இல்லை. சிலோன்காரன். தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில நாள் கிடந்து, பந்தலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, வந்து சேர்ந்தபோது எனக்குப் பத்து வயது. பள்ளி இறுதி வகுப்பில் வேர்ட்ஸ்வொர்த்தின் 'தி சாலிடரி ரீப்பர்' பாடம். ஸ்காட்லாந்து மலைநாட்டில் ஒரு பெண் தனியாகக் கதிர் அறுத்துக்கொண்டே பாடுகிறாள். வழிப்போக்கர் ஒருவர் நின்று கேட்கிறார். அவள் மொழி அவருக்குப் புரியவில்லை. என்ன பாடுகிறாள் என்று சொல்ல யாரும் இல்லையா என்று ஏங்குகிறார். பழைய சண்டையைப் பற்றியோ, அவள் வீட்டுத் துக்கத்தைப் பற்றியோ இருக்கலாம் என்று தாமே ஊகித்துக்கொள்கிறார். பிறகு மலையேறிப் போய்விடுகிறார். பாட்டு மட்டும் நெஞ்சில் தங்கிவிடுகிறது.

அன்று மாலை அம்மா கொழுந்து எடுத்துவிட்டு வந்து, அடுப்போரம் உட்கார்ந்து, காலில் அட்டை கடித்த இடங்களில் உப்பு வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெருமையோடு இந்தக் கவிதையின் பொருளைத் தமிழில் அவளுக்குச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டாள்.

"ஒத்தையிலயா அறுக்குறா? அப்ப கங்காணி எங்க நின்னான்?"

"அது கவிதைம்மா, அதுல கங்காணி எல்லாம் வரமாட்டான்" என்றேன். "நல்லாருக்கே ஒன் கவித" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள்.

பிறகு ஆங்கில இலக்கியம் படித்தேன், முப்பது ஆண்டுக்கு மேல் அதையே பாடம் நடத்தியும் பிழைத்தேன். இந்தக் கவிதைக்கு அம்மா கேட்டதைவிடக் கூர்மையான கேள்வியை எந்த விமர்சகரும் கேட்டு நான் படித்ததில்லை. வேர்ட்ஸ்வொர்த் 1803இல் தங்கை டோரதியோடும் நண்பர் கோல்ரிட்ஜோடும் ஸ்காட்லாந்தில் பயணம் போனார். கவிதை வந்தது இரண்டு வருடம் கழித்து. அதுவும், நண்பர் ஒருவரின் பயணக் கையெழுத்துப் பிரதியில் படித்த ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது. அந்தப் பயண நாட்களில் ஸ்காட்லாந்து மலைநாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது? ஆட்டு மந்தைக்கு மேய்ச்சல் நிலம் வேண்டுமென்று நிலப்பிரபுக்கள் குடியானவர்களை ஊர் ஊராக வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் பாடியது பழைய சண்டையாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. போன வாரம் இடித்த வீட்டைப் பற்றிக்கூட இருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

இன்னொன்றையும் பாருங்கள். பின்னாளில் இலங்கைக்கும் இந்த மலைகளுக்கும் துரைமாராக வந்தவர்களில் ஸ்காட்லாந்துக்காரர்கள் கணிசம். க்ளென்டேல், க்ளென்மார்கன், க்ரெய்க்மோர் என்று நம் எஸ்டேட்டுகளுக்குப் பெயர். 'க்ளென்' என்றால் அவர்கள் ஊர்ப் பேச்சில் மலைப் பள்ளத்தாக்கு. அந்த அறுவடைக்காரியின் பள்ளத்தாக்கு பெயராக மட்டும் இங்கே வந்து, நம் வீட்டுப் பெண்களின் சம்பளச் சீட்டில் ஏறிக்கொண்டது.

*

இந்தக் கவிதைகள் நம்மிடம் எந்த வழியாக வந்தன? அதற்கு இந்த மலையை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. 1834ஆம் ஆண்டு மெக்காலே இந்தியாவில் கரையிறங்கியதும் நேராக வந்தது ஊட்டிக்குத்தான். கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் அப்போது இங்கே தங்கியிருந்தார். மறு ஆண்டு பிப்ரவரியில் மெக்காலே கல்வி பற்றிய தன் குறிப்பை எழுதினார். அந்தக் குறிப்பின் வழியேதான் ஆங்கில இலக்கியம் நம் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. ஆளும் நாடு தன் கவிஞர்களை அனுப்பும்போது தன்னைத் திட்டிய பக்கங்களையும் சேர்த்தா அனுப்பும்? தோட்டத்துக்கு விதை அனுப்புவது மாதிரி பொறுக்கித்தான் அனுப்பினார்கள்.

கவிஞரே ஆட்சியாளராகவும் வந்த கதை ஒன்று உண்டு. லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தவர். ஓவன் மெரிடித் என்ற புனைபெயரில் கவிதை எழுதியவர். 1877இல் ஊட்டிக்கு வந்தார். மழை, சேறு, புல்மேடு எல்லாம் பார்த்துச் சொக்கிப்போய், இங்கிலாந்தின் ஒற்றையடிப் பாதைகளும் ஏரிகளும் ஒரே இடத்தில் கிடைத்ததுபோல் இருக்கிறது என்று மனைவிக்கு எழுதினார். அவர் ஒப்பிட்ட ஏரிகளில் வேர்ட்ஸ்வொர்த்தின் ஊர் ஏரிகளும் உண்டு. அந்த வருடம் கீழே சமவெளியில் என்ன? தாது வருடப் பஞ்சம். பஞ்ச நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று அரசு அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் அளந்து வைத்த காலம். செத்தவர்கள் அரை கோடிக்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள். சேலத்திலும் திருச்சியிலும் மதுரையிலும் பிழைக்க வழியில்லாமல் மூட்டை கட்டியவர்கள் இலங்கைக் காப்பித் தோட்டத்துக்குக் கடல் கடந்தார்கள். என் பாட்டனாருக்குப் பாட்டனார் அந்தக் கூட்டத்தில் போனவர் என்று வீட்டில் சொல்வார்கள். அதற்குக் காகிதம் ஏதும் இல்லை. கவிஞர் மேலே சேற்றை ரசித்தபோது கீழே அவருடைய அரசாங்கம் தானியத்தை நிறுத்துக்கொண்டிருந்தது. இயற்கை ரசனை ஒரு மனிதனை நல்லவனாக்கிவிடும் என்று வகுப்பில் யாராவது எழுதினால் நான் மதிப்பெண்ணைக் குறைத்ததற்கு லிட்டன்தான் காரணம்.

*

இப்போது பிளேக்குக்கு வருகிறேன். வில்லியம் பிளேக், செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்துப் பிழைத்த ஒரு கைவினைஞர். லண்டனைத் தாண்டி அதிகம் போனதில்லை. 1794இல் வெளியிட்ட அனுபவப் பாடல்களில் 'லண்டன்' என்று பதினாறே வரியில் ஒரு கவிதை. ஒருவன் தெருவில் நடக்கிறான், எதிர்ப்படும் முகங்களைப் பார்க்கிறான், குரல்களைக் கேட்கிறான், அவ்வளவுதான். அந்தக் கவிதையின் கையெழுத்துப் படி கிடைத்திருக்கிறது. அதில் தெருவுக்கும் தேம்ஸ் நதிக்கும் முதலில் அவர் போட்டிருந்த அடைமொழி 'அழுக்கான'. பிறகு அதை அடித்துவிட்டு, 'சாசனம் எழுதப்பட்ட' என்று பொருள்படும் சொல்லைப் போட்டார்.

ஒரே ஒரு சொல் மாற்றம். ஆனால் அங்கேதான் கவிதை வருணனையிலிருந்து வழக்காடலுக்கு மாறுகிறது. தெரு அழுக்கு என்றால் யார்மேலும் பழி இல்லை, பெருக்கினால் போயிற்று. சாசனம் என்றால் யாரோ ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார், யாரோ ஒருவர் வாங்கியிருக்கிறார், மற்றவர்கள் இழந்திருக்கிறார்கள். ஓடும் ஆற்றுக்கே பட்டா போட்டுவிட்டார்கள் என்று பிளேக் சொல்கிறார். கிழக்கிந்தியக் கம்பெனியும் சாசனத்தால் நடந்த வியாபாரம்தான். அதன் சாசனத்தை லண்டன் பாராளுமன்றம் புதுப்பித்தது 1793இல், இந்தக் கவிதை வெளிவருவதற்கு முந்தைய வருடம்.

அதே கவிதையில் புகைபோக்கி துடைக்கும் பையன் வருகிறான். அந்த வேலைக்கு எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையை எடுக்கக் கூடாது என்று 1788இல் சட்டம் வந்தது. எட்டு வயதை எட்டினால் எடுக்கலாம் என்று அதற்குப் பொருள். அதையும் யாரும் மதிக்கவில்லை. அந்தக் கொடுமை உண்மையில் ஒழிய 1875 வரை ஆயிற்று. பிளேக் அந்தப் பையனைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்று நிறுத்திக்கொள்வதில்லை. அவன் கூவுகிற கூவலால் கோயில் சுவர் கறுக்கிறது என்கிறார். சிப்பாயின் பெருமூச்சு அரண்மனைச் சுவரில் ரத்தமாக வழிகிறது என்கிறார். துன்பத்தைக் காட்டும்போதே அது எந்தக் கட்டடத்தின் வேலை என்று விலாசமும் கொடுக்கிறார். இரக்கக் கவிதை எழுதுகிறவர்கள் பலர் விலாசம் எழுத மறந்துவிடுவார்கள். அதைவிட நுட்பமான இடம், விலங்கு மனத்துக்குள்ளேயே அடிக்கப்படுகிறது என்று அவர் காண்பது. ஒவ்வொரு குரலிலும் அந்தச் சங்கிலி ஓசை அவருக்குக் கேட்கிறது.

எங்கள் ஆட்களிடம் அந்தச் சங்கிலிக்கு ஒரு பெயர் உண்டு. 'துண்டு' என்பார்கள். இலங்கைத் தோட்டங்களில் ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அவன் பேரில் உள்ள கடன் எவ்வளவு என்று எழுதிய ஒரு சீட்டு வேண்டும். அந்தக் கடனைக் கட்டுகிற தோட்டம் அவனை எடுத்துக்கொள்ளும். ஊரிலிருந்து கூட்டி வரும்போது கங்காணி கொடுத்த முன்பணம், வழிச்செலவு, கம்பளி, அரிசி எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். ஆள் விற்பனை என்று யாரும் சொல்லவில்லை. காகிதம்தான் கை மாறியது. 1921இல்தான் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள். இந்தியப் பக்கம் மட்டும் வாழ்ந்ததா என்றால் அதுவும் இல்லை. முன்பணம் வாங்கிய தொழிலாளி ஒப்பந்தத்தை மீறினால் ஜெயிலில் போடலாம் என்ற 1859ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டக்காரர்களின் கைத்தடி. அது போதாதென்று 1903இல் சென்னை மாகாணத்தில் தோட்டக்காரர்களுக்கென்றே தனிச் சட்டமும் வந்தது. கடனுக்கு வேலையை நிறுத்தினால் சிறை. உலகத்தில் எத்தனையோ தொழில் உண்டு, வேலைக்கு வராததே குற்றமான தொழில் எத்தனை?

சிறையைப் பற்றிச் சொன்னதும் நடுவட்டம் நினைவுக்கு வருகிறது. 1860களில் மலேரியாவுக்கு மருந்தான சின்கோனா மரம் வளர்க்க இந்த மலையில் ஆள் போதவில்லை. மலாக்கா, சிங்கப்பூர்ப் பக்கத்துக் குடியேற்றங்களிலிருந்து தண்டனை பெற்ற சீனக் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். நடுவட்டத்துச் சிறைக் கட்டடம் இன்றும் நிற்கிறது, சுற்றுலா வருகிறவர்கள் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். தைசோலைத் தோட்டத்தில் ஒரு பகுதிக்கு 'ஜெயில் தோட்டம்' என்றே பெயர். பிளேக் இதற்கு உவமை தேடியிருக்க வேண்டியதில்லை. ஊர்ப் பெயரை அப்படியே எழுதியிருந்தால் போதும்.

நான் சொல்ல வந்ததே இதுதான். நகரத்தின் புகையிலிருந்து தப்பி மலைக்கு வந்தோம் என்று நினைக்கிறோம். தேயிலைத் தோட்டம் மலைமேல் படுக்கவைத்த ஆலை. சங்கு ஊதுகிறது, பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணுகிறார்கள், கொழுந்தை நிறுக்கிறார்கள், ஈரத்துக்கும் முற்றல் இலைக்கும் கழிக்கிறார்கள், வரிசையாக ஒரே அளவில் வீடு, ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு குடும்பம். மான்செஸ்டர் நெசவுத் தெருவில் இருந்ததெல்லாம் இங்கே இருக்கிறது, புகையைத் தவிர. புகை இல்லாததால் கண்ணுக்குத் தெரியவில்லை. இடுப்பு உயரத்தில் மட்டம் போட்ட செடி இயற்கை என்று யார் சொன்னது? விட்டால் மரமாக வளரக்கூடியது தேயிலை. கவ்வாத்து வெட்டி வெட்டி, பெண்ணின் கை எட்டும் உயரத்தில் அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நாம் வியூ பாயின்டில் நின்று 'என்ன அழகு' என்று சொல்வது ஒரு இயந்திரத்தைப் பார்த்து.

*

இந்த மலையின் பழைய குடிகளைப் பற்றி இரண்டு சொல். ஜான் கிளேர் என்று ஒரு கவி, கூலிக்காரர் மகன், தாமும் கூலி வேலை செய்தவர். அவர் ஊரின் பொது மேய்ச்சல் வெளியை 1809இல் வந்த ஒரு சட்டத்தின் கீழ் வேலி போட்டுப் பிரித்துவிட்டார்கள். அவருடைய கவிதை பாதி அந்த வேலியைப் பற்றிய புலம்பல்; கடைசிக் காலமெல்லாம் மனநல விடுதியில் கழிந்தது. தோடர்களின் புல்வெளிகளை நினைக்கும்போது எனக்குக் கிளேர்தான் நினைவுக்கு வருவார். 1819 ஜனவரியில் இந்த மலைக்கு ஏறிவந்த கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன், நிலம் தோடர்களுக்கே சொந்தம் என்று பின்னாளில் வாதாடினார். தானும் ஊட்டியில் ஏராளமாக நிலம் வாங்கிக்கொண்டே வாதாடினார், அது வேறு விஷயம். அரசாங்கம் அவர் வாதத்தை ஏற்கவில்லை. எருமை மேய்க்கும் உரிமை உண்டு, நிலம் உங்களுடையது இல்லை என்று முடித்துவிட்டது. மந்துகள் என்ற தோடர் குடியிருப்புகளைச் சுற்றிச் சீகையும் யூகலிப்டஸும் ஏறின. தோடர் பாட்டுகளை எமனோ என்ற மொழியியலாளர் சேகரித்து 1971இல் பெரிய நூலாக வெளியிட்டார். எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? கிளேரைப் படிக்க லண்டன் அச்சு வேண்டியிருந்தது. பக்கத்து மந்தில் பாடுவதைக் கேட்கவும் கலிபோர்னியாவிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது.

*

நம்மில் முதலில் இந்தக் கவிகளின் மறுபாதியைப் படித்தவர் பாரதி. ஷெல்லிதாசன் என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். எட்டயபுரத்தில் ஷெல்லி பெயரில் ஒரு வாசகர் சங்கமும் நடத்தினார். வானம்பாடியையும் மேகத்தையும் பாடிய ஷெல்லியைத்தான் அவர் கும்பிட்டார் என்று பாடநூல் நினைக்க வைக்கும். ஆனால் பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலிகளாக மாட்டிக்கொண்ட நம் பெண்களைப் பற்றி அவர் எழுதிய பாட்டைப் படித்துப் பாருங்கள். தமிழ்க் கவிதையில் தோட்டம் என்ற சொல்லின் பொருளே அங்கே மாறிவிட்டது. அதுவரை தோட்டம் என்றால் தலைவியும் தோழியும் பூப்பறிக்கிற இடம். அந்தப் பாட்டுக்குப் பிறகு அது அழுகை கேட்கிற இடம். 1879இல் பிஜிக்குத் தொடங்கிய ஒப்பந்தக் கூலிகளின் கப்பலேற்றம் 1916இல்தான் நின்றது. பாரதியின் வழியில் புதுமைப்பித்தன் 1930களில் 'துன்பக்கேணி' எழுதினார். அது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தின் கதை.

பாரதி தோட்டத்தை நேரில் பார்த்தவர் இல்லை. தோட்டத்திலேயே பிறந்து எழுதியவர் சி.வி. வேலுப்பிள்ளை. இவர் பெயரை இங்கே அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பந்தலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கிற எங்கள் பிள்ளைகளுக்கே இவரைத் தெரிவதில்லை. 1914இல் மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்தார். கங்காணிக் குடும்பம், வசதி உண்டு, ஆங்கிலப் படிப்பு உண்டு. தாகூர் மேல் பெரிய பற்று. சுகமாக நிலாவையும் அருவியையும் எழுதிக்கொண்டு இருந்திருக்கலாம். தொழிற்சங்கத்துக்குப் போனார். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தேர்வானார். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்து எங்கள் ஜனங்களை நாடற்றவர்கள் ஆக்கியது. அதற்கடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. ஓட்டுப் போட்டு அனுப்பியவர்களையே பட்டியலிலிருந்து அடித்துவிட்டால் அனுப்பப்பட்டவர் என்ன செய்வார்? அவர் கவிதை எழுதினார். 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' என்ற நெடுங்கவிதை அந்த ஆண்டுகளில் வந்தது. ஆங்கிலத்தில் எழுதினார் என்பது எனக்கு இன்றும் உறுத்தல். சக்தீ பாலையா அதைத் தமிழாக்கி எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தார்.

அந்தக் கவிதையில் விடியலில் தப்பு முழங்குகிறது. கொழுந்து பறிப்பதும் தாலாட்டும் வருகின்றன. ஆனால் அதன் ஆழத்தில் கிடப்பது ஒரே ஆதங்கம்: காட்டை வெட்டிச் செடி நட்டுச் செத்தவர்களுக்கு ஒரு நடுகல்கூட இல்லை, அவர்கள் உடம்பின்மேல் தேயிலைதான் நிற்கிறது. ஊர் எல்லையில் மாடு மீட்டுச் செத்தவனுக்கும் கல் நட்ட சமூகம் நம்முடையது. அந்தச் சமூகத்துப் பிள்ளைகள் லட்சக்கணக்கில் அடையாளம் இல்லாமல் மண்ணுக்குள் போனார்கள் என்பதை ஆங்கிலக் கவிதை வடிவத்தை எடுத்து, அந்த ஆங்கிலத்தைக் கொண்டுவந்த துரைமார் காதில் படும்படி சொன்னார் சி.வி. மெக்காலே பொறுக்கி அனுப்பிய விதையில் இப்படி ஒரு செடி முளைக்கும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்.

இன்னொன்றும் செய்தார் சி.வி. தோட்டத்து நாட்டுப்பாடல்களைத் தேடித் தேடிச் சேகரித்துப் புத்தகமாக்கினார். அவற்றைப் படிக்கும்போதுதான் எனக்கு அம்மாவின் கேள்வி மறுபடி உறைத்தது. அந்தப் பாடல்களில் கங்காணி வருகிறான்! அவன் வார்த்தை வருகிறது, அவன் கொடுத்த கடன் வருகிறது, துரை வருகிறார், கணக்குப்பிள்ளை வருகிறார், அவர்களைக் கேலி செய்கிற குறும்பும் வருகிறது. வழிப்போக்கனின் கவிதையில் காணாமல் போன ஆள் அறுவடைக்காரியின் சொந்தப் பாட்டில் முதல் வரிசையில் நிற்கிறான். அவள் எதையும் மறைக்கவில்லை. நமக்குத்தான் பாஷை தெரியவில்லை.

*

சல்லிவன் நீலகிரிக்கு ஏறிய அதே 1819இல், ஆகஸ்டு 16ஆம் தேதி, மான்செஸ்டரில் செயின்ட் பீட்டர் திடலில் சுமார் அறுபதாயிரம் பேர் கூடினார்கள். நெசவுத் தொழிலாளர்கள், பெண்கள், கைக்குழந்தைகள். பாராளுமன்றத்தில் தங்களுக்கும் பிரதிநிதித்துவம் வேண்டும் என்பது கோரிக்கை. ஆயுதம் இல்லை. குதிரைப் படை வாளோடு உள்ளே புகுந்தது. ஏறக்குறைய பதினெட்டுப் பேர் செத்தார்கள், நூற்றுக்கணக்கானவர்களுக்குக் காயம். தாயின் கையிலிருந்து விழுந்த இரண்டு வயதுக் குழந்தை முதல் பலி. செய்தி இத்தாலியில் இருந்த ஷெல்லிக்குப் போய்ச் சேர செப்டம்பர் ஆயிற்று. உடனே ஒரு நீண்ட கவிதையை எழுதி லண்டனுக்கு அனுப்பினார். மந்திரிமார் பெயரையெல்லாம் சொல்லி, கொலைக்கும் மோசடிக்கும் அவர்கள் முகத்தையே முகமூடியாக மாட்டிவிட்ட கவிதை. அடித்தாலும் திருப்பி அடிக்காமல் நில்லுங்கள், நீங்கள் பலர் அவர்கள் சிலர் என்ற அதன் யோசனையைப் பிற்பாடு காந்தியும் விரும்பினார். அச்சிட்டால் ஜெயில் என்று பத்திரிகை ஆசிரியரான லீ ஹன்ட் பயந்து வைத்துவிட்டார். 1832இல்தான் வெளிவந்தது, ஷெல்லி கடலில் மூழ்கிச் செத்துப் பத்து வருடம் ஆகியிருந்தது.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. 1999 ஜூலை 23. திருநெல்வேலி. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலிக்காகப் போராடி ஜெயிலில் இருந்தார்கள். அவர்களை விடுவிக்கச் சொல்லி கலெக்டர் அலுவலகத்துக்கு ஊர்வலம். போலீஸ் தடியடி. ஒரு பக்கம் தடி, மறு பக்கம் தாமிரபரணி. பதினேழு பேர் ஆற்றில் செத்தார்கள். அங்கேயும் ஒரு கைக்குழந்தை. நூற்றெண்பது வருட இடைவெளியில் எண்ணிக்கைகூடக் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதைப் பார்த்து நான் ஒரு வகுப்பில் பாதியில் பேச்சை நிறுத்தியிருக்கிறேன். மான்செஸ்டர்ச் சம்பவம் பள்ளிப் பாடமாகிவிட்டது. நமக்கு ஆர்.ஆர். சீனிவாசனின் ஆவணப்படம் இருக்கிறது, மாரி செல்வராஜின் முதல் கதைத் தொகுப்பின் தலைப்பிலேயே அந்த ஆறு இருக்கிறது. ஷெல்லியைக் கற்பிக்கிற ஆசிரியர்கள் அந்த மணி அடித்து முடிவதற்குள் இவற்றின் பெயரையாவது சொல்ல வேண்டும் என்பது என் பிடிவாதம்.

இந்தக் கவிகளை ஒரேயடியாகத் தூக்கிவைத்துப் பேசுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். பிச்சைக்காரரையும் ஊர் ஊராக அலைந்த பெண்ணையும் 1798இல் கவிதைக்குள் கூட்டிவந்த வேர்ட்ஸ்வொர்த், அரசவைக் கவிஞரான மறு ஆண்டு, 1844இல், தன் ஏரிக்கரைக்கு ரயில் வரக்கூடாது என்று கவிதை எழுதினார், பத்திரிகைக்குக் கடிதமும் எழுதினார். ஆலைத் தொழிலாளர்கள் கூட்டமாக வந்து இறங்கினால் இயற்கை அவர்களுக்குப் புரியவும் செய்யாது, இடமும் கெடும் என்பது அவர் வாதம். நம் மலை ரயில் குன்னூருக்கு 1899இல், ஊட்டிக்கு 1908இல் வந்தது. மே மாதத்தில் அதில் ஏறிப்பார்த்தவர்களுக்கு வேர்ட்ஸ்வொர்த் மேல் கொஞ்சம் அனுதாபம் வரலாம். 2024 மே முதல் மேலே வர இ-பாஸ் வேண்டும் என்று நீதிமன்றம் சொல்ல வேண்டிய அளவுக்கு நெரிசல். மலைக்குத் தாங்கும் சக்தி உண்டு, சரி. ஆனால் கூட்டம் வேண்டாம் என்று சொல்லும் குரல் எந்த பங்களாத் திண்ணையிலிருந்து வருகிறது என்று ஒரு தடவை திரும்பிப் பார்க்காமல் நான் கைதட்ட மாட்டேன்.

*

நாடற்றவர்களாகக் கிடந்த எங்கள் ஜனங்களைப் பற்றி 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம். அந்த மீதியைப் பத்து வருடம் கழித்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். சாசனம் என்று பிளேக் சொன்னாரே, அது இதுதான். வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுவே பின்னர் டான்டீ என்ற அரசு நிறுவனமானது. காடு திருத்தி நட்டவர்களில் என் அப்பாவும் ஒருவர். வேலையில் இருக்கிறவரைதான் லயத்து வீடு என்பது எல்லாத் தோட்டங்களுக்கும் பொதுவான பழைய விதி. ஐம்பத்தெட்டு வயதுக்குப் பிறகு எங்கே போவது என்ற கேள்விக்குச் சொந்த ஊர் என்று பதில் சொல்ல முடியாதவர்கள் எங்கள் ஆட்கள். எங்கள் சொந்த ஊர் என்பது ஐந்து தலைமுறைக்கு முன்னால் பஞ்சத்தில் விட்டுவந்த ஒரு பெயர்.

பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்டார்கள். பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை இல்லை என்று சிறு விவசாயிகளான படுகர் வீட்டுப் பிள்ளைகளும் இறங்கிவிட்டார்கள். இப்போது சரிவுகளில் ஜார்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் கொழுந்து வெட்டுகிறார்கள். கைவிரலால் கிள்ளிய காலம் போய்க் கத்தரி வந்துவிட்டது.

போன மாதம் கோத்தகிரிச் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். வளைவுக்குக் கீழே நாலைந்து பெண்கள், கத்தரிச் சத்தத்துக்கு நடுவில் ஒருத்தி பாடிக்கொண்டிருந்தாள். என்ன மொழி என்றுகூடத் தெரியவில்லை. நின்றுவிட்டேன். அறுபது வயதுக்கு மேல், குடையும் கையுமாக, சரியாக வேர்ட்ஸ்வொர்த் நின்ற இடத்தில் நிற்கிறோமே என்று எனக்கே சிரிப்பு வந்தது. சரி, அவர் கேட்காததைக் கேட்டுவிடுவோம் என்று கீழே இறங்கினேன். அவர்களோடு இருந்த பையன் கொஞ்சம் தமிழ் பேசினான். அவள் என்ன பாடினாள் என்று கேட்டேன். அவன் கேட்டுச் சொன்னான்: ஊர்ப் பாட்டு, நடவுப் பாட்டு. கிலோவுக்கு எவ்வளவு தருகிறார்கள், யார் நிறுக்கிறார்கள், எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று அடுத்தடுத்துக் கேட்டேன்.

அவள் வேலையை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பையனிடம் ஏதோ சொன்னாள். அவன் என்னிடம் திரும்பினான்.

"சார், நீங்க புது சூப்பர்வைசரான்னு கேக்குது."

இல்லை, நான் வாத்தியார் என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. கத்தரியை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். நான் மேலே சாலைக்கு ஏறும்வரை அவள் பாடவே இல்லை.